எண்ணெய் தேய்க்கும் கைகளுக்கு ஒரு மடல்

பாச்சாங், காஜா பெராங், செங், பத்து பெரெண்டாம் வட்டாரத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும்,

நான் ஓய்வு பெற்ற தாதி. புக்கிட் ஆசாஹான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். முப்பத்து நான்கு ஆண்டு வேலையில் பாதிக்கு மேல் குழந்தைகள் வார்டிலேயே போயிற்று. இப்போது பாச்சாங்கில் மகளோடு இருக்கிறேன். இந்த மடலை டாக்டர்களுக்கு எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுத எழுத, நான் சொல்லவருவதை அவர்களுக்கு முன்பே பார்ப்பவர்கள் நீங்கள் என்று பட்டது. பிள்ளையை உச்சி முதல் உள்ளங்கால் வரை துணியில்லாமல் பார்ப்பது வேறு யார்? கிளினிக்கில் சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழாயை வைக்கிறார்கள், வாயைத் திறக்கச் சொல்கிறார்கள், அடுத்த நம்பரைக் கூப்பிடுகிறார்கள். சனிக்கிழமை எண்ணெய் வைக்கும் கை விரலிடுக்கு, அக்குள், காதுக்குப் பின்னால், குதிகால் என்று ஓரிடம் விடாமல் போய்வருகிறது.

இதயத்தைத் தாக்கும் அபூர்வ நோய்கள் சில, நெஞ்சில் எதுவும் தெரிவதற்கு முன்பே தோலில் தடயம் வைக்கின்றன. அந்தத் தடயம் சில சமயம் இரண்டு நாளில் மறைந்துவிடும். டாக்டர் பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. பார்த்தவர் வாய் திறந்து சொன்னால்தான் நோய்க்குப் பெயர் கிடைக்கும். பார்த்தவர் நீங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஓர் இரவு. மூன்று வயதுப் பையன், எட்டாம் நாள் காய்ச்சல். தொண்டைப் புண் என்று வெளியே மருந்து கொடுத்திருந்தார்கள், கேட்கவில்லை. டிங்கியா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; இல்லை. அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். கட்டில் பக்கத்தில் தோட்டத்திலிருந்து வந்த பாட்டி மட்டும். டாக்டர் மலாயில் கேட்டதற்கெல்லாம் அவர் "டெமாம், டெமாம்" என்ற ஒரு வார்த்தையையே திருப்பிச் சொன்னார். சிகிச்சைக் குறிப்பில் 'காய்ச்சல்' என்று மட்டும் ஏறியது. இரவு இரண்டு மணிக்கு நான் சூடு பார்க்கப் போனபோது அவர் தமிழில் பேச ஆரம்பித்தார்.

"மூணாம் நாளு கண்ணு ரெண்டும் செவந்துச்சு மிஸ்ஸி. ஆனா பூள கட்டல. மறுநாளு ஒதடு வெடிச்சு ரத்தம் கசிஞ்சுச்சு. ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா போட்டுச்சு, ஆத்தாதான் வந்திருக்கான்னு வேப்பெல வச்சேன். ரெண்டு நாள்ல எறங்கிருச்சு. அப்புறம் பாதம் வீங்கி சிலிப்பர்கூட போட முடியல."

நான் அதை நாள்வாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், தூங்கப்போன டாக்டரை எழுப்பினேன். இளம் டாக்டர், முகம் சுளிக்காமல் படித்தார். இரண்டாம் முறை படித்தபோது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். காலையில் இதயத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று சற்றே அகன்றிருந்தது. கவாசாகி நோய். ஒன்பதாம் நாளிலேயே மருந்து ஏறியது. அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றைக்கு அந்த வார்டில் நோயைக் கண்டுபிடித்தவர் அவர்.

கவாசாகி என்றதும் நம் பையன்களுக்கு மோட்டார் சைக்கிள் நினைவுக்கு வரும். இது ஒரு டாக்டரின் பெயர். டோமிசாகு கவாசாகி, தோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனையில் குழந்தை மருத்துவராக இருந்தவர். 1961 ஜனவரியில் நான்கு வயதுப் பையன் ஒருவன் விடாத காய்ச்சலோடு வந்தான். கண் சிவப்பு, வெடித்த உதடு, உடம்பெல்லாம் தடிப்பு. பையன் தேறி வீட்டுக்குப் போனான், ஆனால் வந்தது என்ன நோய் என்று கவாசாகியால் சொல்ல முடியவில்லை. தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே வைத்துக்கொண்டார். மறு வருடம் அதே மாதிரி இன்னொரு பிள்ளை. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஏற்கனவே பெயருள்ள நோய்களில் ஒன்றுதான் இது என்று பெரியவர்கள் சிலர் சொன்னபோதும் விடவில்லை. 1967இல் ஐம்பது பிள்ளைகளின் விவரத்தையும் சேர்த்து ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். இதயத்தை இது தொடுகிறது என்பது, தேறிவிட்டதாக நினைத்த பிள்ளைகளில் சிலர் திடீரென்று இறந்து, உடலை அறுத்துப் பார்த்த பிறகுதான் உறுதியாயிற்று. கவாசாகி 2020இல், 95 வயதில் காலமானார். எதனால் இந்த நோய் வருகிறது என்பது இன்றைக்கும் யாருக்கும் பிடிபடவில்லை.

இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், அதோடு ஐந்து அடையாளங்கள்: பூளை கட்டாத சிவந்த கண்கள், வெடித்த உதடும் ஸ்ட்ராபெரிப் பழம் போல் சிவந்து புள்ளி தெரியும் நாக்கும், உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கமும் பிறகு நகத்தடியிலிருந்து தோல் உரிதலும், கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டுதல். நான்கு இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் இவை எல்லாம் ஒரே நாளில் வரிசையாக வந்து நிற்பதில்லை. ஒன்று வரும்போது ஒன்று போயிருக்கும். தோல் உரிவது இரண்டாம் மூன்றாம் வாரத்தில். அதற்காகக் காத்திருந்தால் மருந்துக்கு நேரம் கடந்துவிடும்.

நம் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் தனித்தனியாக ஒரு பெயர் தயாராக இருக்கிறது. கண் சிவந்தால் கண்வலி. உதடு வெடித்தால் சூடு, இளநீர் வாங்கிவருவோம். தடிப்புப் போட்டால் அம்மை, இல்லையென்றால் வேர்க்குரு. கழுத்து வீங்கினால் பொன்னுக்கு வீங்கி. பாதம் வீங்கினால் எங்கேயோ இடித்துக்கொண்டான். ஐந்து பெயர் வைத்துவிட்டதால் ஐந்தும் சேர்ந்து ஒரே நோய் என்பது கண்ணில் படாமல் போகிறது. எழுபது வயதுப் பாட்டியையும் நான் இதற்காகக் குறை சொல்லமாட்டேன். படித்த டாக்டர்களும் இதே இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். முதல் நாள் ஒரு கிளினிக், மூன்றாம் நாள் இன்னொரு கிளினிக், ஐந்தாம் நாள் வேறொன்று என்று போனால் ஒவ்வொருவரும் ஒரு துண்டைத்தான் பார்க்கிறார்கள். எல்லாத் துண்டையும் பார்த்தவர் வீட்டில் இருக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை.

அம்மையைப் பற்றி ஒரு வார்த்தை. காஜா பெராங்கில் நம் செட்டி மக்கள் மாரியம்மனுக்கு வருடந்தோறும் எடுக்கும் விழாவுக்கு டத்தோ சாச்சார் என்றே பெயர். சாச்சார் என்றால் மலாயில் அம்மை. அவர்கள் பேசுவது மலாய், கும்பிடுவது நம் அம்மனை. பெரியம்மை ஊர் ஊராய் வாரிக்கொண்டுபோன காலத்தில் மருந்து ஏது? பிள்ளையைத் தனியே வைத்து, வேப்பிலையால் மூடி, வெளியாட்களை வாசலோடு நிறுத்திய பழக்கம் பலரைக் காப்பாற்றியிருக்கும். நானும் அம்மனைக் கும்பிடுகிறவள்தான். பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்துவிட்டது. இன்றைக்கும் வேப்பிலை வையுங்கள், விளக்கேற்றுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடமும் போங்கள். தடிப்பை உற்றுப் பாருங்கள். சின்னம்மை என்றால் நீர் கோத்த கொப்புளம் இருக்கும். கவாசாகித் தடிப்பில் நீர் கோக்காது. இந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்கு எந்தப் புத்தகமும் இல்லாமல் தெரியும்.

இன்னோர் அடையாளம் மலேசியாவில் நமக்கு வாய்த்தது. இங்கே பிறந்த பிள்ளைக்கெல்லாம் பிறந்தவுடன் இடது கையின் மேல்பக்கம் காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். எப்போதோ ஆறிப்போன அந்தத் தழும்பு, கவாசாகி வந்த சில பிள்ளைகளுக்கு, அதிலும் கைக்குழந்தைகளுக்கு, திடீரென்று சிவந்து தடித்துக் கிளம்பும். பி.சி.ஜி. போடாத நாட்டு டாக்டர்களுக்கு இந்தத் துப்புக் கிடைக்காது. காய்ச்சல்காரப் பிள்ளையின் சட்டைக் கையைச் சுருட்டி அந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மற்ற அடையாளங்கள் பாதிகூடத் தெரியாது, ஆபத்தோ அவர்களுக்குத்தான் அதிகம்.

நம் தோல் நிறமும் இதில் சேர்கிறது. 'சிவப்பு' என்று மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தோல். கறுத்த பிள்ளைக்கு அதே தடிப்பு சாம்பலாகவோ இன்னும் கறுப்பாகவோ தெரியும். சில சமயம் தெரியவே தெரியாது, தடவினால்தான் புரியும். லண்டன் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவருக்கும் இந்தக் கேள்வி வந்தது: என்னைப்போல் கறுத்த தோலில் இது எப்படித் தெரியும்? அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் சேர்ந்து 2020இல் கறுப்பு, பழுப்புத் தோலுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். எனக்கு அதைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. முப்பது வருடம் நான் தேடிய படங்கள் அவை. நீங்கள் பகல் வெளிச்சத்தில் உள்ளங்கை, உள்ளங்கால், நாக்கு, கண்ணின் வெள்ளை ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே நிறம் மறைக்காது.

சிகிச்சை செய்யாவிட்டால் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 25 பேருக்கு இதயக் குழாய் ஊதிக்கொள்ளும். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் அது 4, 5 பேராகக் குறைகிறது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து அது. சொட்டுச் சொட்டாகப் பல மணி நேரம் ஏறும். காய்ச்சல் விட்டதும் "பிள்ளை நல்லாயிட்டான்" என்று அடுத்த தவணைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். குழாய் ஊதுவது காய்ச்சல் விட்ட பிறகும் நடக்கும். ஆறு, எட்டு வாரம் கழித்து எடுக்கும் ஸ்கேன்தான் நிம்மதி கொடுப்பது. தடுப்பூசிக்குப் போகும்போது இந்த மருந்து ஏறிய விவரத்தைச் சொல்லுங்கள், தட்டம்மைத் தடுப்பூசியைப் பல மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

ஆகவே, காய்ச்சல் தொடங்கிய நாளை நாள்காட்டியில் வட்டம் போடுங்கள். தடிப்புப் போட்டால் கைப்பேசியில் படம் எடுங்கள். மறைந்தபின் அந்தப் படம் பேசும். தமிழ் தெரியாத டாக்டரிடம் ருவாம் (தடிப்பு), மாத்தா மேரா (கண் சிவப்பு), பீபீர் பெச்சா (உதடு வெடிப்பு), காக்கி பெங்காக் (கால் வீக்கம்) என்ற நான்கு சொல்லும், ஒவ்வொன்றும் எத்தனையாம் நாள் என்ற கணக்கும் போதும். அம்மா வேலைக்குப் போயிருந்தால் பாட்டியைக் கூட்டிப்போங்கள். பாட்டியைப் பேசவிடுங்கள்.

இனி எழுதப்போவது வேறொரு நோயைப் பற்றிய என் வீட்டுக் கதை. எழுதக் கொஞ்சம் கை நடுங்குகிறது.

என் பெரியப்பாவுக்கு இரண்டு முழங்கையிலும் விரல் முட்டியிலும் கட்டி கட்டியாக இருக்கும். குதிகாலுக்கு மேல் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கும். "பால் வெட்டி வெட்டிக் காய்ச்சுப்போச்சு" என்று எல்லாரும் சொல்வோம், அவரும் சொல்வார். கண்ணின் கறுப்பைச் சுற்றி வெள்ளை வளையம் ஒன்று முப்பது வயதிலேயே விழுந்திருந்தது. முப்பத்தொன்பதாவது வயதில், காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனவர் பாதி வழியில் உட்கார்ந்தார், எழவில்லை. காத்து அடித்துவிட்டது என்றார்கள். எங்கள் அப்பா ஐம்பதைத் தொடவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, பயிற்சி வகுப்பில் ஒரு படத்தைக் காட்டினார்கள்: விரல் முட்டியில் கட்டி, குதிகால் நரம்பில் தடிப்பு. படத்தில் இருந்தது யாரோ வெள்ளைக்காரர். நான் பார்த்தது பெரியப்பாவின் கையை.

அது பரம்பரைக் கொழுப்பு நோய். ரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல்கள் கல்லீரலில் இருக்கின்றன. இந்த நோயுள்ளவர்களுக்கு அந்த வாசல்களில் பாதி பிறவியிலேயே வேலை செய்யாது. போக இடமில்லாத கொழுப்பு இதயக் குழாயில் படியும். சிலருக்குத் தசைநாரிலும் தோலிலும் படிந்து கட்டியாகும். தோல் கட்டிக்கும் நெஞ்சுவலிக்கும் இப்படி உறவு இருப்பதை நோர்வேயில் கார்ல் முல்லர் என்ற டாக்டர் 1930களின் கடைசியில் எழுதினார். வாசல் எங்கே என்று கண்டுபிடித்த அமெரிக்கர்கள் கோல்ட்ஸ்டைன், பிரவுன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு. உலக அளவில் 250, 300 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். மலேசியாவில் யூஐடிஎம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மக்களிடையே சோதித்துப் பார்த்தபோது நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் வந்தது. அப்படியானால் நோய் அபூர்வமில்லை, கண்டுபிடிப்பதுதான் அபூர்வம். மெலிந்த உடம்பு, கருவாடும் கீரையும் சாப்பிட்டு நாள் முழுக்க நடந்த பெரியப்பாவுக்குக் கொழுப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

தாய், தகப்பன் இருவருக்கும் இந்தக் குறை இருந்தால், நான்கில் ஒரு பிள்ளைக்கு இரட்டையாக இறங்க வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்கு முட்டியிலும் பிட்டத்திலும் விரலிடுக்கிலும் மஞ்சள் கட்டிகள் சிறு வயதிலேயே வரும். பள்ளிக்கூட வயதிலேயே மாரடைப்பும் வரலாம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டிக்கொண்ட குடும்பங்களில் இந்த வாய்ப்புக் கூடுகிறது. கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் விரலிடுக்கில் மஞ்சளாக எதையாவது கண்டால் மரு என்று சுண்ணாம்பு வைக்காதீர்கள். ரத்தக் கொழுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு எல்.டி.எல். என்ற அந்தக் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 4.9 மில்லிமோலுக்கு மேல் என்றால் பரம்பரையா என்று டாக்டரைக் கேளுங்கள். மருந்து இருக்கிறது: அகிரா எண்டோ என்ற ஜப்பானியர் 1973இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து எடுத்ததன் வழி வந்த ஸ்டேட்டின். அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டோடு கிடைக்கிற மாத்திரை. பெரியப்பா காலத்தில் அது தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

உண்மையிலேயே அரிதான ஒன்றும் உண்டு. கிரேக்க நாட்டு நாக்சோஸ் தீவில், கம்பளி போன்ற சுருட்டை முடியோடு பிறந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போன சிலருக்கு வாலிபத்தில் இதயம் தடுமாறுவதை 1986இல் எழுதினார்கள். தோலின் உயிரணுக்களையும் இதயத்தின் உயிரணுக்களையும் ஒட்டிவைக்கும் பசை ஒன்றே. அது பழுதானால் இரண்டு இடமும் விட்டுக்கொடுக்கிறது. இதே போன்ற ஒரு குடும்பத்தை 1996இல் இந்திய இதய மருத்துவ இதழிலும் பதிவு செய்திருக்கிறார்கள். சுருட்டை முடி நம்மில் எத்தனையோ பேருக்கு அழகு, பயப்பட ஒன்றுமில்லை. சப்பாத்து இல்லாமல் நடக்காத பிள்ளைக்கு உள்ளங்கால் காய்த்திருந்து, முடியும் அப்படி இருந்து, விளையாடும்போது மயங்கியும் விழுந்தால் மூன்றையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.

தோலில் எதையும் காட்டாத இதயத் தசை நோயும் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணியும் ஐதராபாத் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், இதயத் தசைப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட ஒரு மாற்றம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு இருப்பதாகக் கண்டார்கள். மலேசியாவிலும் அது தென்பட்டது. அது இருந்தாலே நோய் வரும் என்பதில்லை. பக்கத்தில் வேறு மாற்றமும் சேர்ந்தால்தான் கெடுதல் அதிகம் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இப்படிப்பட்ட நோயில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி: குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று இறந்தவர் உண்டா?

தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கேள்விக்கு லயத்து வாசலிலேயே பதில் கிடைத்திருக்கும். யார் தாத்தா எப்படிப் போனார் என்று அடுத்த வீட்டு அத்தைக்குத் தெரியும். தோட்டத்தை விற்றார்கள், வீடமைப்பு வந்தது, ஒரு வீட்டார் பாச்சாங், ஒரு வீட்டார் மாசாய், ஒருவர் கிள்ளான், ஒருவர் சிங்கப்பூர். நம் நோய்களின் நினைவும் அப்படியே சிதறிப்போனது. கருமாதி வீட்டில் எல்லாரும் கூடுகிறோமே, அங்கே ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுதுங்கள்: யார், எந்த வயதில், எப்படி.

நான் எழுதிய நோட்டில் பெரியப்பா, சித்தப்பா வழியில் பதினொரு பெயர். இரண்டு வருடம் தேடி ஒன்பது பேரைச் சோதிக்க வைத்தேன். நால்வருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. அதில் ஒரு பிள்ளைக்கு ஒன்பது வயது. மாத்திரை எடுக்கிறாள், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். இன்னும் இரண்டு பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் பெரியப்பாவின் கடைசி மகள். தோட்டம் கலைந்த சமயம் ஜொகூர் பக்கம் கட்டிக்கொடுத்ததாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு நலங்கு வைத்தபோதே முழங்கையில் சிறிய மஞ்சள் கட்டி இருந்ததாக என் அம்மா சொல்வார். இப்போது அறுபதை நெருங்கியிருப்பார், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். ஆசாஹான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அப்பா வாளியோடு வழியில் இறந்துபோனதாகச் சொல்லும் ஒரு பெண்ணை உங்களில் யாராவது அறிந்திருந்தால், அவரிடம் இந்த மடலைக் கொடுங்கள்.

அன்புடன்,
பாச்சாங்கிலிருந்து, ஓய்வு பெற்ற ஒரு தாதி